சோளகத்தைப் பார்த்து நின்ற கார்

என் இடது கணுக்காலுக்குள் ஓர் உலோகத் தகடு இருக்கிறது. போர் முடிந்த அடுத்த வருடம், மாரி மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பாலாவிச் சந்திக்குச் சற்று முன்னால் நான் போன முச்சக்கர வண்டி குடைசாய்ந்ததில் வந்தது அது. எலும்பு நன்றாகவே பொருந்திவிட்டது. என் நடையைப் பார்த்து எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கார் ஓட்டும்போதுதான் தெரியும். கிளச்சை மிதிக்கச் சொன்னால் கால் மிதிக்கும். விடச் சொன்னால் முதலில் கொஞ்சம் தயங்கும், பிறகு ஒரேயடியாக விட்டுவிடும். மெல்ல மெல்ல விடுவது எப்படி என்பது அதற்கு மறந்துபோய்விட்டது.

கடைத்தெரு நெரிசலில் இதனால் பெரிய கஷ்டம் இல்லை. ஒரு குலுக்கல் குலுங்கி வண்டி போய்விடும். பக்கத்தில் இருக்கும் மனைவி மடியிலுள்ள சாமானை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஆனால் நான் ஆசைப்பட்டது வேறொன்றுக்கு. தெற்கே, கொழும்புக்கு அப்பால், பாவனையில் இல்லாத ஓர் ஓடுபாதையில் வருடத்துக்கு ஒரு முறை, ஒக்டோபரில், கால் மைல் கார் ஓட்டப் போட்டி நடக்கும். இரண்டிரண்டு கார்களாகக் கோட்டில் நிறுத்தி, விளக்கு எரிந்ததும் விடுவார்கள். அங்கே எல்லாம் புறப்படுகிற அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. என் கால் சொதப்புவதும் சரியாக அந்தக் கணத்தில்தான்.

முதல் தடவை போனபோது கோட்டிலேயே என்ஜின் நின்றுபோனது. திரும்ப ஸ்டார்ட் செய்வதற்குள் பக்கத்துக் கார் மறுமுனைக்குப் போய்விட்டது. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் சிங்களத்தில் சொன்னார்: “புத்தளத்து வண்டி உப்பு ஏற்ற நிற்கிறது போல. பொறுங்கள், மூட்டை வரட்டும்.” உப்பளங்களுக்குப் பெயர்போன ஊர் எங்களுடையது; வேலி ஓரம் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. என் மச்சானும் சிரித்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் நானா, மூத்த சகோதரர். புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பாலாவிப் பக்கம் கராஜ் வைத்திருக்கிறார். நான், வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கிய குடும்பத்தவன். இப்போது புத்தளம் நகரில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, தட்டச்சு, கம்பியூட்டர் திருத்தம். எது எந்த மாதத்தில் நடந்தது என்று பிசகாமல் நினைவில் வைத்திருப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். ஒக்டோபர் மாதத்துக்கு உம்மா வைத்திருக்கும் பெயர் “காத்துச் செத்த மாசம்”. நாங்கள் வந்த அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்ததாம். பாயை விரித்தும் வள்ளம் நகரவில்லையாம்.

கார் என்னுடையது. ஜப்பானிலிருந்து வந்த பழைய சின்னக் கார், சின்ன என்ஜின், ஆனால் டர்போ உள்ளது. உப்பு மூட்டைக் கதைக்கு அடுத்த வருடம், அதாவது போர் முடிந்து ஏழாவது வருடம், நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மச்சான் கராஜில் வைத்துச் சொன்னார்:

“ஒரு முடிவுக்கு வருவம் மச்சான். கார் ஒன்ட, ஓட்டம் என்ட. நான் ஓட்டினா அந்தக் கார் பறக்கும். நீ லெப்டொப்ப வச்சிக்கிட்டு வேலி ஓரத்தில நில்லு.”

“என்ட காரை நான்தான் ஓட்டுவன்.”

“கால்?”

“காலுக்கு ஒரு வழி இருக்கு.”

“என்ன வழி? தகட்டைக் கழட்டி எனக்குத் தாரியா, ஒரு வொஷருக்கு ஆகும்.”

கடைசியில் பேசி முடித்தது இதுதான். போட்டியில் ஒரு காருக்கு மூன்று ஓட்டம். முதல் இரண்டும் எனக்கு. அந்த இரண்டிலும் என் கால் சரியாக எடுக்காவிட்டால் மூன்றாவது அவருக்கு; அதன் பிறகு எந்த வருடமும் நான் கேட்கக் கூடாது. கையடித்தோம். ஜெயிப்பது பற்றி எனக்குப் பேச்சே இல்லை. என் காரை என் காலால் கோட்டிலிருந்து சுத்தமாக எடுக்க வேண்டும். அது மட்டும்தான்.

நான் சொன்ன வழியின் பெயர் லோஞ்ச் கொன்ட்ரோல். என்ஜினின் கம்பியூட்டரை மாற்றி, லெப்டொப்பால் தொடக்கூடிய ஒன்றை ஏற்கெனவே பூட்டியிருந்தோம். கார் நின்ற இடத்தில் நிற்க, கிளச் முழுக்க மிதிபட்டிருக்க, அக்சிலேட்டரையும் அடிவரை மிதித்தால், என்ஜின் வழக்கமாகச் சுற்றுமானியின் சிவப்புக் கோட்டுக்குப் பாய்ந்துவிடும். லோஞ்ச் கொன்ட்ரோல் அதைப் பாய விடாது. நாம் சொன்ன சுற்றில், பெற்றோலை எரிக்கும் நெருப்புப்பொறியை வெட்டி வெட்டிப் பிடித்து வைத்திருக்கும். அப்படிப் பிடித்திருக்கும்போதே டர்போவும் சுழன்று காற்றை அமுக்கத் தொடங்கும். அந்த அமுக்கத்துக்குப் பூஸ்ட் என்று பெயர். கிளச்சை விட்டதும் பிடி விலகும், சேர்ந்திருந்த பலம் முழுக்கச் சில்லுக்குப் போகும். ஓட்டுகிறவன் அக்சிலேட்டரில் எந்தக் கெட்டித்தனமும் காட்டத் தேவையில்லை. விட வேண்டியதை விட்டால் போதும். என் காலுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

எந்தச் சுற்றில் பிடிப்பது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு ஓடிப் பார்க்க வேண்டும். கற்பிட்டி வீதிக்குக் காபட் தார் போட்டு அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் பனையும் மணலும். சுபஹுத் தொழுகை முடிந்து, பஸ் ஓடத் தொடங்கும் முன் அங்கே போவோம். முதலில் நிமிடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றில் பிடித்தோம். கிளச்சை விட்டதும் முன் சில்லு இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்று புகை விட்டன. மூவாயிரத்து ஐந்நூறுக்கு இறக்கினோம். கார் இருமிவிட்டு நின்றது. பிறகு நூறு நூறாக ஏற்றினோம்.

பொறியை வெட்டும்போது எரியாத பெற்றோல் புகைக்குழாயில் போய் வெடிக்கும். பட், பட், படபட என்று. எங்கள் பகுதியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு யாரும் கார் என்று நினைப்பதில்லை. முதல் நாளே உப்பளத்தில் நின்றவர்கள் வரம்புக்குப் பின்னால் குந்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கடற்படைச் சிப்பாய் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். மச்சான் சிங்களத்தில் விளக்கம் சொல்லிப் பொனட்டைத் திறந்து காட்டினார். சிப்பாய் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, “இன்னொரு தரம் செய்யுங்கள்” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் போகிற நாட்களில் முன்கூட்டியே கடற்படை முகாம் வாசலில் சொல்லிவிட்டுப் போவது வழக்கமானது.

இடையில் சோளகம் எழுந்துவிட்டது. மே மாதத்தில் தொடங்கி செப்டெம்பர் வரை எங்கள் முனையில் தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும் காற்று அது. சோளகத்தில் வண்டி நிறுத்துவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். முதுகைக் கொடுத்து நிறுத்திக் கதவைத் திறந்தால் காற்று கதவைப் பிடுங்கிச் சுழற்றிக் கீலை வளைத்துவிடும். லொறிக்காரர், வான்காரர், கல்யாணத்துக்கு வந்தவர் எல்லோரும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கிற வண்டியைக் கண்டால் வெளியூர்க்காரன் என்று சொல்லிவிடலாம். நாங்களும் யோசிக்காமல் ஒவ்வொரு தடவையும் பாலாவிப் பக்கம் பார்த்து, காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்தித்தான் புறப்பட்டுப் பார்த்தோம்.

நோன்பு மாதத்திலும் விடவில்லை. வாய் உலர, மணல் முகத்தில் அடிக்க, மடியில் லெப்டொப்பை வைத்துக்கொண்டு எண்களை மாற்றிக்கொண்டிருந்தேன். பெருநாள் கழிந்த வாரம் நாலாயிரத்து இருநூறில் வந்து நின்றோம். மச்சான் ஓட்டினால் கார் அம்பாகப் போனது. நான் ஓட்டினால் சில்லு சுழன்றது. அதே கார், அதே எண், அதே வீதி.

“பார்த்தியா? எண்ணில பிழை இல்ல மச்சான்,” என்றார் அவர். “பிழை ஒனக்குத் தெரியும்.”

ஓகஸ்டில் தலவிலத் தேவாலயப் பெருநாளுக்கு வீதி முழுக்க யாத்திரைக்காரரின் பஸ்ஸும் வானுமாகிப்போக, ஓட்டம் நின்றது. அந்த நாட்களில் நான் கராஜில் காரின் கீழே தலையை விட்டுக்கொண்டு கிளச் மிதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளச் மிதிபட்டிருக்கிறது என்று கம்பியூட்டருக்குச் சொல்வது மிதிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். அது மிதியின் அடிக்கட்டத்தில் இருந்தது. மிதி அரை விரல் எழும்பியதும் சுவிட்ச் விடுபடும், பிடியும் விலகிவிடும். ஆனால் கிளச் உண்மையில் கவ்வுவது அதற்கு மேலே, பாதித் தூரத்தில். மச்சானின் கால் அந்த இடைவெளியைக் கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடுகிறது. என் கால் தயங்குவது சரியாக அந்த இடைவெளியில்தான். பிடி விலகி, கிளச்சும் கவ்வாமல், என்ஜின் சும்மா சிவப்புக்குப் பாய்கிறது; பிறகு கிளச் வந்து மோதும்போது சில்லு சுழல்கிறது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் படுத்துப் பார்த்தார்.

“இத ஒன்ட காலுக்கு வைக்கணும்,” என்றார். “இப்ப என்ட காலுக்கு இரிக்கி.”

“அதைத்தான் சொல்றன்.”

“சொல்றத எழும்பி நிண்டு சொல்லு. எண்ணெ முழுக்க ஒன்ட தாடியில.”

சுவிட்சை மேலே, கிளச் கவ்வும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஏற்றினார். நான் இருக்கையில் இருந்து நூறு தடவை மிதித்து விட, அவர் கீழே படுத்து நகர்த்தி நகர்த்திப் பூட்டினார். மிதி வந்து தட்டும் இடத்தில் பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டினார். அடுத்த வாரம் உப்பள வீதியில் முதன்முறையாக என் காலில் கார் சுத்தமாகப் புறப்பட்டது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம், “ஒன்ட மாப்பிள நல்லா வாகனம் ஓட்டுறார், குலுக்காம,” என்று மட்டும் சொன்னாராம்.

ஆனாலும் நான் ஓட்டும்போது அவர் பக்கத்து இருக்கையில் இருந்தால் அவருடைய இடது கால் சும்மா இராது. இல்லாத கிளச் ஒன்றைத் தரையில் மிதித்து மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே வரும். போட்டிக்குப் போன அன்று தெற்கு வரைக்கும் அப்படித்தான் வந்தார். பின் இருக்கையில், ஐஸ் உருகாமல் வைக்கும் ஒரு பெரிய ரெஜிபோம் பெட்டி. புத்தளத்திலிருந்து கொழும்புப் பக்கம் போகிற எவரும் மீன் இல்லாமல் சொந்தக்காரர் வாசலில் ஏற முடியாது. போட்டி முடிந்து அன்று தங்கப் போவது, கொழும்பை அடுத்த தெஹிவளையில், மனைவியின் மாமி வீட்டில். என் மனைவி முழுப் பாரை ஒன்றும் இறாலும் வைத்து, சிலிசிலிப் பொலித்தீன் பைகளில் ஐஸ் நிரப்பி, பெட்டி வாயை டேப்பால் சுற்றியிருந்தாள்.

“நானா, மாமிட மீன் பத்திரம். கார் தோத்தாலும் பரவால்ல,” என்றாள் வழியனுப்பும்போது.

முதல் ஓட்டத்துக்கு வரிசையில் நின்றோம். வரிசை நீளம். மெல்ல மெல்ல ஊர்ந்து கோட்டுக்கு வந்து, கிளச்சை மிதித்து, அக்சிலேட்டரை மிதித்தேன். நாலாயிரத்து இருநூறில் பிடித்தது. படபடவென்று வெடித்தது. ஆனால் பூஸ்ட் முள் பாதியிலேயே நின்றுகொண்டது. விளக்கு எரிந்தது, விட்டேன். கார் இருமியது. நிற்கவில்லை, ஆனால் நோயாளி எழும்புவதுபோல் எழும்பிப் போனது. இரண்டாவது ஓட்டம் அதைவிட மோசம்.

திரும்பி வந்து நிறுத்தியதும் மச்சான் என் பக்கக் கதவுக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இறங்கு மச்சான். பேசினது பேசினதுதான்.”

நான் கதவைத் திறக்கவில்லை.

“கால் நல்லா எடுத்திச்சு,” என்றேன். “எனக்குத் தெரியும். விட்ட இடம் சரி.”

“அப்ப கார் ஏன் படுத்திச்சு?”

“அதைப் பார்க்க விடுங்க. அதுக்குப் பிறகு இறங்குறன்.”

லெப்டொப்பைத் திறந்து இரண்டு ஓட்டத்தின் பதிவையும் எடுத்தேன். கிளச் விடுபட்ட கோடும் என்ஜின் சுற்றின் கோடும் உப்பள வீதியில் வந்ததுபோலவே பொருந்தியிருந்தன. வேறு எங்கோ பிழை. ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போனேன். வியர்வை மூக்கிலிருந்து விசைப்பலகையில் சொட்டியது. துடைத்தேன், மறுபடி சொட்டியது. ஏன் இப்படி வியர்க்கிறது என்று தலையை நிமிர்த்திப் பார்த்தேன். ஓடுபாதை ஓரத்தில் கட்டியிருந்த கொடிகள் எல்லாம் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கின. ஓர் இலை ஆடவில்லை.

காத்துச் செத்த மாசம்.

என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையைப் பார்த்தேன். ஊரில் நாற்பதைத் தாண்டாதது, இங்கே கோட்டில் நிற்கும்போது எழுபதுக்கு மேல் போயிருந்தது. டர்போ அமுக்கிய காற்றை ஆற்றுவதற்குக் காரின் முகத்தில் இன்டர்கூலர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. கார் ஓடும்போது எதிர்க்காற்று அதை ஆற்றும். நிற்கும்போது ஆற்ற எதுவும் இல்லை. ஆனால் எங்கள் கார் ஊரில் நின்றபோதெல்லாம் சோளகத்தைப் பார்த்து நின்றது. ஐந்து மாதம் எங்களுக்குத் தெரியாமல் அந்தக் காற்றே அதற்கு விசிறி பிடித்திருக்கிறது. காற்றுச் செத்த பகல் வெயிலில் கார் எப்படி நிற்கும் என்று நாங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. உள்ளே போகும் காற்று அளவு மீறிச் சூடானால் என்ஜினைக் காப்பாற்றப் பலத்தைக் குறைத்துவிடு என்று கம்பியூட்டருக்கு எழுதி வைத்தவன் நான்தான். அது சொன்னபடி செய்திருக்கிறது.

மச்சானிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு போய் இன்டர்கூலரில் கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டார்.

“ஆணச் சட்டிய வைக்கலாம் போல கொதிக்கிது,” என்றார். கொஞ்ச நேரம் கொடிகளைப் பார்த்தார். “நாம பேசினது கால் பத்தி. இது கால் இல்ல.”

“இல்ல.”

“அப்ப மூணாவது ஓட்டமும் ஒனக்குத்தான் இரிக்கணும்.” இதைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை என்பது குரலில் தெரிந்தது. “ஆனா இத எதால ஆத்துற? தண்ணி ஊத்தினா காணாது.”

இருவரும் ஒரே நேரத்தில் பின் இருக்கையைப் பார்த்தோம்.

“மாமிட மீன்,” என்றார் மச்சான்.

“மீன் வேணாம். ஐஸ் மட்டும் போதும்.”

“ஐஸ் இல்லாம மீன் என்னத்துக்கு ஆகும்? ஒன்ட பொண்டாட்டி என்னைக் கொல்லுவா.”

சொல்லிக்கொண்டே டேப்பைப் பல்லால் கிழித்தார்.

ஐஸ் பைகளை இன்டர்கூலரில் முன்னாலிருந்து அடைத்துக் கையால் அமுக்கிப் பிடித்தோம். உருகிய தண்ணீர் இறால் வாசத்தோடு தாரில் ஓடியது. எங்கள் முறை நெருங்கியபோது இன்னொரு சிக்கல். ஊர்ந்து போவதற்கு என்ஜினை இயக்கினால் திரும்பவும் சூடாகிவிடும். மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் பின்னால் போனார். நான் உள்ளே இருந்து திருப்ப, அவர் தள்ளினார். ஒவ்வொரு தடவை வரிசை நின்றபோதும் ஓடி முன்னால் வந்து ஐஸை அமுக்கினார். மறுபடி ஓடிப் பின்னால் போய்த் தள்ளினார்.

ஒலிபெருக்கிக்காரர் கண்டுவிட்டார். “புத்தளத்து வண்டி! போன வருடம் உப்பு, இந்த வருடம் மீன்! விலை என்ன நானா?”

மச்சான் நிமிர்ந்து இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வேலி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிங்களத்தில் கத்தினார்: “ஓடி முடிச்சிட்டு வந்து சொல்றன், பையக் கொண்டு வா!”

சனம் சிரித்தது. இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

கோட்டில் என்ஜினை இயக்கினேன். மச்சான் கடைசிப் பையை உருவி எடுத்துக்கொண்டு விலகினார். தொடக்க அதிகாரி ஜன்னலுக்குள் குனிந்து, “லெஸ்தித மல்லி?” என்று கேட்டார். தயார் என்று தலையாட்டினேன். கிளச், பிறகு அக்சிலேட்டர். நாலாயிரத்து இருநூறில் பிடித்தது. வெடிச்சத்தம் முதுகில் அடித்தது. பூஸ்ட் முள் பாதியைத் தாண்டியது, முக்காலுக்கு ஏறியது, உப்பள வீதியில் நிற்கும் இடத்தில் வந்து நின்றது. விளக்கு எரிந்தது. காலை விட்டேன். கால் வழக்கம்போல் தயங்கியது. பிடி அதுவரை பொறுத்திருந்தது. பிறகு கால் ஒரேயடியாக விட்டது, கார் என் முதுகை இருக்கையில் அறைந்துகொண்டு போனது. சில்லு சுழலவில்லை. இருமவில்லை. பக்கத்தில் நின்றது நான்கு சில்லும் இழுக்கும் பெரிய கார். முதல் கொஞ்சத் தூரத்துக்கு அது எனக்குப் பின்னால்தான் இருந்தது. பாதியில் என்னைக் கடந்து, வென்றது. அது கடந்து போனதைப் பார்த்துக்கொண்டே நான் காருக்குள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது மச்சான் உருகிப்போன சிலிசிலிப் பையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்குள் தலையை விட்டு, “எடுத்தாய்,” என்றார். அவ்வளவுதான்.

அன்று மாலை மாமி பாரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பரவால்ல, நல்லா ஈக்கிது. இறால்தான் கொஞ்சம் சோந்து போச்சி. வழியில எங்கயும் நிண்டீங்களா?” என்று கேட்டார்.

“ஒரு வரிசையில நிக்க வேண்டி வந்திச்சு மாமி,” என்றார் மச்சான்.

மறுநாள் காலை ஊர் திரும்பினோம். நீர்கொழும்பு தாண்டும்வரை மச்சான், அடுத்த வருடம் இன்டர்கூலருக்கு முன்னால் எந்த வானின் விசிறியைப் பூட்டலாம் என்று பேசிக்கொண்டு வந்தார். பிறகு பேச்சு நின்றது. சிலாபம் சந்தைக்கு முன்னால் மீன் லொறி ஒன்று பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்ததால் நிறுத்த வேண்டியிருந்தது. வழி விட்டதும் கிளச்சை விட்டேன். மெதுவான புறப்பாட்டில் லோஞ்ச் கொன்ட்ரோலுக்கு வேலை இல்லை. கால் தயங்கி, ஒரேயடியாக விட, கார் வழக்கம்போல் ஒரு குலுக்கல் குலுங்கியது. பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கையின் மேல் சம்மணம் போட்டு மடித்து வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.